இடதுகை லாடம்

வேம்புலியம்மாள் டென்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அழுதுவிட்டாள். ஊசி எதுவும் அவளைக் குத்தவில்லை. கோபத்தில் வந்த அழுகை.

எண்பத்து நாலாம் வருஷம், ஆடி மாதம். பட்டாபிராம் ரயில்வே கேட்டைத் தாண்டி நூறடி போனால் தகரக் கூரை போட்ட நீள ஷெட் ஒன்று வரும். மிலிட்டரிக்கும் ரயில்வேக்கும் கூடாரம் தைத்துக் கொடுக்கிற தனியார் கம்பெனி. ஷெட்டின் பாதியில் மெஷின்கள் ஓடும். மீதிப் பாதி கைத்தையல். நாலு மடிப்புக் கித்தான் ஒன்றாகச் சேருகிற மூலைகளில் மெஷின் ஊசி உடைந்துவிடும். விளிம்பில் கயிறு வைத்துத் தைப்பது, கயிறு நுழைகிற கண்களைச் சுற்றித் தைப்பது இதெல்லாமும் கையால்தான். அந்தப் பக்கம் பெண்கள் பத்திருபது பேர் வரிசையாகத் தாழ்ந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து, கித்தானை மடியில் போட்டுக்கொண்டு தைப்பார்கள்.

அந்தக் கித்தானில் ஊசியை விரலால் தள்ள முடியாது. தையல்காரர்கள் விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற அங்குஸ்தான் எல்லாம் இங்கே எடுபடாது. உள்ளங்கையால்தான் தள்ள வேண்டும். அதற்கென்று ஒரு சாமான் உண்டு. கையைச் சுற்றி வருகிற தடித்த தோல் பட்டை. கட்டைவிரல் நுழைய ஒரு துளை. கட்டைவிரலின் அடிமேட்டில் வந்து உட்காருகிறாற்போல ஓர் இரும்பு வில்லை. வில்லை முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். ஊசியின் பின்பக்கத்தை அந்தக் குழியில் நிறுத்தி, கையோடு ஒரு தள்ளு தள்ளினால் கித்தானுக்குள் சரக்கென்று இறங்கும். கப்பல் பாய் தைக்கிறவர்கள் நூற்றாண்டுக் கணக்காக மாட்டிக்கொண்டு வந்தது என்று கம்பெனி ஸ்டோரில் சொல்வார்கள். ஸ்டோர் புத்தகத்தில் அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. மாட்டுக்கு அடிப்பதைப் போலக் கைக்கு அடித்தது என்று பெண்கள் வைத்த பெயர் லாடம்.

வேம்புலிக்கு இடதுகைதான் கை. அரிவாள், கத்தி, துடைப்பம், கோலப்பொடி எல்லாம் இடது. சாப்பிடுவதற்கு மட்டும் வலதுகையைப் பழக்கியிருந்தாள் அவள் அம்மா, கரண்டிக் காம்பால் அடித்து. கல்யாணமாகி நெமிலிச்சேரிக்கு வந்தபோது, "பீச்சாங்கையால சோறு போட்றா" என்று புருஷன் வீட்டில் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு அவள் நாற்று நடுகிற வேகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். நட்ட நிலம் பிளாட்டாகப் போனதும் புருஷன் செங்கல்வராயன் சரக்கு ரயில் வந்து நிற்கிற மிலிட்டரி சைடிங்கில் மூட்டை இறக்கப் போனான். அவள் தின்னனூர் ரைஸ் மில்லில் மூட்டை வாய் தைக்கப் போனாள். கோணி ஊசியை இடதுகையில் பிடித்து, ஒரு மூட்டை வாயை எட்டுக் குத்தில் மூடிவிடுவாள். மில்லில் அவளை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் டென்ட் கம்பெனி சூப்பர்வைசர் உலகநாதன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

கூப்பிட்டவரே லாடத்தை எடுத்து நீட்டினார். வேம்புலி இடதுகையை நீட்டினாள்.

கட்டைவிரலைத் துளையில் விட்டால் இரும்பு புறங்கைக்குப் போனது. இரும்பை உள்ளங்கைக்குத் திருப்பினால் கட்டைவிரலுக்கு வழியில்லை. இப்படியும் அப்படியும் மாட்டிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னாம்மா, அந்தக் கைய நீட்டிகினு கீற? சோத்தாங்கைல மாட்டு" என்றார் உலகநாதன்.

"எனுக்கு இந்தக் கைதான் சார் வேல செய்யும்."

"லாடம் அந்தக் கைக்குத்தான் கீது. உனுக்கோசரம் தனியா செய்வாங்களா?"

வலதுகையில் மாட்டினாள். சோற்றைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை அது. ஊசி குழியில் நிற்காமல் வழுக்கியது. தள்ளினால் கோணலாகப் போய்க் கித்தானுக்குள் சிக்கிக்கொண்டது. ஒரு நாளைக்கு நாற்பது அடிக் கயிறு தைக்க வேண்டும் என்பது கணக்கு. சாயங்காலம் உலகநாதன் நாடா பிடித்து அளந்தபோது ஒன்பது அடி இருந்தது. அதிலும் மூன்றடியைப் பிரிக்கச் சொன்னார். மில்லில் எட்டுக் குத்தில் மூட்டையை மூடியவள், தைத்ததைத் தானே பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அந்த அழுகை.

மறுநாள் லாடத்தைப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு, இடது உள்ளங்கையில் பழைய துணியை நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு தைத்தாள். முப்பத்திரண்டு அடி வந்தது. நாலாவது நாள் ஊசியின் பின்பக்கம் துணியைப் பொத்துக்கொண்டு உள்ளங்கைக்குள் இறங்கியது. கை வீங்கிப் பத்து நாள் வீட்டில் கிடந்தாள். திரும்பி வந்தபோது அவள் பெயருக்கு நேராக 'ஹெல்பர்' என்று எழுதியிருந்தது. தையல்காரி இல்லை. நூலுக்கு மெழுகு பூசுவது, கித்தானை இழுத்துப் பிடிப்பது, இடையிடையே வலதுகையால் தைத்துப் பழகுவது. நாற்பது அடி எட்டினால் தையல்காரி கிரேடு, எட்டும்வரை ஹெல்பர் என்றார்கள்.

வேம்புலி நேராக ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர்கீப்பர் சண்முகசுந்தரம் நல்ல மனுஷர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். எதையும் செய்யவும் மாட்டார்.

"இடதுகைக்கு லாடமே கெடையாதா சார்?"

"இருக்கும்மா. கல்கத்தாலேர்ந்துதான் நமக்குச் சாமான் வருது. அவங்ககிட்ட ரெண்டு கைக்கும் இருக்கு."

"அப்ப ஒண்ணு வாங்கிக் குடுங்க."

அவர் தாள் எடுத்து, 'லாடம், இடது, எண்ணிக்கை ஒன்று' என்று அழகான கையெழுத்தில் எழுதினார். வேம்புலி கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லி, தன் பேரை முழுசாக எழுதினாள், இடதுகையால். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒன்றுக்கெல்லாம் ஆர்டர் எடுக்க மாட்டார்களாம். குறைந்தது ஐம்பது வாங்க வேண்டுமாம்.

"ஐம்பது இடதுகைக்காரிக்கு நான் எங்கம்மா போவேன்?" என்று சண்முகசுந்தரம் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

வேம்புலி தேடிப் போனாள். ஐம்பது கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் கம்பெனி ஏதாவது வழி பண்ணும் என்று ஒரு கணக்கு. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராகக் கவனித்தாள். பாட்டிலை எந்தக் கையால் திறக்கிறார்கள், கொண்டையை எந்தக் கையால் முடிகிறார்கள். மெஷின் பக்கம் ஒருத்தி இடதுகையால் தலை வாரினாள். போய்க் கேட்டதற்கு, "யாரப் பாத்து பீச்சாங்கைக்காரின்ற?" என்று சண்டைக்கு வந்தாள். இன்னொருத்தி சிரித்துவிட்டு, "எனுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க்கா" என்று நழுவினாள்.

ரெண்டு வருஷம் கழித்து ஞானம்மாள் வந்து சேர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷனுக்கு ஆவடியில் டிபன்ஸ் பேக்டரி வேலை. குவார்ட்டர்ஸில் வீடு. வலதுகையில் லாடம் மாட்டிக்கொண்டு அடக்கமாகத் தைப்பாள், வேம்புலிக்கு அவள்மேல் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒருநாள் வேம்புலி குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தபோது ஞானம்மாள் தன் பிள்ளையின் கால்சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி இடதுகையில் இருந்தது.

"ஏய், நீயும் இந்தக் கைதானா!" வேம்புலி சந்தோஷத்தில் கத்திவிட்டாள்.

ஞானம்மாள் ஊசியைச் சட்டென்று கை மாற்றினாள். "சத்தம் போடாத வேம்பு. எங்க வீட்டுக்காரருக்கே பிடிக்காது. சின்னப் பிள்ளையில கையைத் துணியால கட்டிப் போட்டு மாத்தினாங்க எனக்கு. இப்ப அங்க போயி நானும் இடதுகைன்னு சொல்லச் சொல்லுதியா?"

"மனுவுல ஒரு கையெழுத்துதான் போடச் சொல்றேன்."

"நான் மாத்திக்கிடலையா? நீயும் மாத்திக்கோ."

வேம்புலி காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். நெமிலிச்சேரி வரைக்கும் தண்டவாளத்தை ஒட்டியே நடந்தாள். அன்றைக்குச் செங்கல்வராயன் எது பேசினாலும் சண்டையாகத்தான் முடிந்தது.

"இன்னாமே, ஊரு ஒலகத்துல எல்லாரும் அந்தக் கைலதான் தெக்கிறாங்க. உனுக்கு மட்டும் இன்னா கேடு?"

"யோவ், உன்ன எடது தோள்ல மட்டும் மூட்ட தூக்கச் சொன்னா தூக்குவியா?"

"தூக்கித்தான் ஆவணும். சொல்றவன் சொன்னா."

அந்தப் பதிலில் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

எண்பத்து எட்டு வரைக்கும் அவள் ஹெல்பர்தான். வலதுகை இருபத்தைந்து, இருபத்தெட்டு அடிக்கு வந்திருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. மெழுகு பூசும்போதெல்லாம் நாற்பத்தைந்து, ஐம்பது அடி தைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தன் இடதுகை அதை எப்படித் தைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு குத்தும் தெரியும். ஸ்டோரில் வருஷத்துக்கு ஒரு மனு கொடுத்தாள். சண்முகசுந்தரம் வாங்கி, தேதி போட்டு, கோப்பில் வைத்துக்கொண்டார்.

சுலைமான் பாயைப் பற்றிச் சொன்னது செங்கல்வராயன்தான். ஆயிரம் திட்டினாலும் அவள் உள்ளங்கைத் தழும்பை அவனும் பார்த்துக்கொண்டிருந்தவன்தானே. பூந்தமல்லியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தோல் கடை. குதிரைக்குச் சேணம், போலீஸ்காரர்களுக்கு பெல்ட், லாரிக்கு சீட், எது கேட்டாலும் செய்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடி போய் பஸ் மாறிப் போனாள்.

பாய் அவள் கொண்டுபோன வலதுகை லாடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையை நீட்டிக் காட்டினார். அவர் கையிலும் ஒரு தோல் உறை, விரல்கள் வெளியே தெரிய, உள்ளங்கையை மட்டும் மூடி.

"மெழுகு நூல இழுத்தா தோலு கிழிஞ்சிரும். அதுக்கு இது. உன்துக்கு இரும்பு வெச்சிருக்கான். அவ்ளோதான் வித்தியாசம்." பேப்பரை விரித்து அவள் இடதுகையை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்தார். "தோலு நம்மகிட்ட இருக்குது தங்கச்சி. வில்லைதான் இல்ல. எஸ்டேட்ல லேத்து வெச்சிருக்கறவன் யாரையாச்சும் புடி."

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வில்லை கடைந்து வாங்க ஒரு மாதம் ஆனது. முதல் வில்லையில் குழிகள் ஆழமில்லை. இரண்டாவது சரியாக இருந்தது. மறுபடி பூந்தமல்லி. ஒரு வாரம் கழித்து மறுபடி. கட்டைவிரல் துளை இறுக்கமாக இருந்ததால் இன்னொரு தடவை. கடைசியில் பாய் அதை அவள் கையில் மாட்டி, மணிக்கட்டில் வாரை இழுத்து பக்கிளைப் போட்டபோது, வேம்புலி அங்கேயே ஒரு துண்டுத் தோலையும் ஊசியையும் வாங்கித் தைத்துப் பார்த்தாள். பாய் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அல்லாவே, கை இது!" என்றார்.

திங்கட்கிழமை கம்பெனியில் நாற்பத்தி மூன்று அடி தைத்தாள். செவ்வாய்க்கிழமை ஐம்பத்தி ஒன்று. மற்றவர்கள் தங்கள் ஊசியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஞானம்மாள் மட்டும் தலை தூக்கவில்லை. உலகநாதன் நாடாவைப் பிடித்து அளந்துவிட்டு, "இன்னாம்மா, பேய் புட்சிகிச்சா?" என்று கேட்டார். அவருக்கே முகத்தில் சிரிப்பு. வேம்புலி அன்று வீட்டுக்குப் போகிற வழியில் கால் கிலோ ஜிலேபி வாங்கினாள்.

புதன்கிழமை சரக்குச் சரிபார்க்கிற நாள். கம்பெனியின் மாதிரிக் கூடாரம் ஒன்று எப்போதும் கண்ணாடி அலமாரியில் மடித்து வைத்திருப்பார்கள். அதை வெளியே எடுத்து, தைத்ததை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முத்திரை போடுவார்கள். உலகநாதன் அவளுடைய விளிம்பை மாதிரியின் பக்கத்தில் வைத்தார். அவர் முகம் மாறியது.

"தையல் எதுர்ப்பக்கம் சாயுது."

சாயத்தான் செய்தது. வலதுகையால் தைத்தால் தையல் ஒருபக்கம் சாயும். இடதுகையால் தைத்தால் மறுபக்கம்.

"சாஞ்சா இன்னா சார்? இஸ்துப் பாருங்க. பிரியுதா பாருங்க!" அவளே விளிம்பைக் காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினாள். ஒரு நூல் அசையவில்லை.

"பிரியாதுதாம்மா. சாம்பிள் மாரி இல்லியே. பாக்கறவன் ரிஜெக்ட் பண்ணிட்டான்னா மொத்த லாட்டும் போச்சி." அவர் அவள் கையைப் பார்த்தார். "இது இன்னா? இத யாரு குட்த்தது?"

"நானே செஞ்சிகினேன்."

"ஸ்டோர்ல குட்க்காத சாமான வெச்சி இங்க யாரும் வேல செய்யக்கூடாது. ரூலு. கழட்டு."

லாடம் ஸ்டோருக்குப் போனது. சண்முகசுந்தரம் அதில் ஒரு சீட்டைக் கட்டி, அவள் பேரையும் தேதியையும் எழுதி, பத்திரமாக மேல் அலமாரியில் வைத்தார். வேம்புலி தான் தைத்த தொண்ணூற்றி நாலு அடியையும் பிரித்தாள். அவள் தையல் சுலபத்தில் பிரியவும் இல்லை. பிளேடால் ஒவ்வொரு குத்தாக அறுக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் ஆயிற்று. பிரித்து முடித்த நூலையெல்லாம் உருட்டி உலகநாதன் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அவர் அதைக் குப்பைக் கூடையில் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் வலதுகைதான். வீம்புக்குப் பழகினாள். முப்பது, முப்பத்தி மூன்று, முப்பத்தாறு. நாற்பது மட்டும் வரவில்லை. அதற்குள் தோள்பட்டையில் வலி வந்துவிட்டது.

தொண்ணூற்று மூன்றில் லாடங்கள் எல்லாம் தேய்ந்து வார் அறுந்து போயின. சண்முகசுந்தரம் புதுசாக ஐம்பது கேட்டு எழுதினார். பர்ச்சேஸில் அப்போது ஒரு புது ஆள். லாடம் என்றால் என்னவென்று தெரியாமல் பழைய கோப்பைப் புரட்டியிருக்கிறார். கோப்பு முழுக்க வேம்புலியின் மனுக்கள்தான். அதில் எழுதியிருந்ததை அப்படியே பார்த்து எழுதி, ஒன்று என்பதை ஐம்பது ஆக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்.

பழசைக் கொடுத்தால்தான் புதுசு என்பது ஸ்டோர் வழக்கம். பார்சல் வந்த அன்றே எல்லோருடைய லாடத்தையும் வாங்கி மூட்டை கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டாகிவிட்டது. மறுநாள் காலையில் பார்சலைப் பிரித்தார்கள். ஐம்பதும் இடது.

ஷெட் முழுக்கக் கூச்சல். ஒருத்தி கட்டைவிரலைத் துளையில் விட்டுவிட்டு, இரும்பு புறங்கையில் நிற்பதைப் பார்த்து, "இன்னாடி இது, தல கீழா கீது?" என்று கத்தினாள். நாலு பேர் துணியைச் சுற்றிக்கொண்டு தைத்துப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு பேருக்கு ரத்தம். வெள்ளிக்கிழமை லாரி ஏற வேண்டிய கூடாரங்கள் அறுபது, மூலை தைக்காமல் குவிந்து கிடந்தன.

வேம்புலி பெஞ்சில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, எதையாவது எடுத்து வீச வேண்டும் போலவும் இருந்தது. சண்முகசுந்தரத்திடம் போய், "என் லாடம் எங்க சார்? பூந்தமல்லி பாய் செஞ்சது" என்று கேட்டாள். அவர் மேல் அலமாரியைத் துழாவினார். பழையது என்று அதையும் மூட்டையில் போட்டுவிட்டிருந்தார்கள்.

"சீட்டு கட்டித்தாம்மா வெச்சிருந்தேன்" என்றார் அவர் பரிதாபமாக.

உலகநாதன் வேகமாக வந்தார். "வேம்பு, உன் லெட்டரால வந்த வென இது. நீதான் காப்பாத்தணும். உக்காந்து தையி."

அவள் புது லாடத்தை இடதுகையில் மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. நூலை மெழுகில் இழுத்து, ஊசியைக் குழியில் நிறுத்தித் தள்ளினாள். ஊசி வழுக்கியது. இன்னொரு தடவை. கோணலாகப் போய் மாட்டிக்கொண்டது. கித்தானை எந்தக் கையால் பிடிக்க வேண்டும் என்று ஒரு நொடி அவளுக்கே குழம்பியது. இடதுகை ஐந்து வருஷமாகத் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்த கை. ஊசியை நீட்டினால் அது துணியைத்தான் தேடிப் போனது. ஒரு மணி நேரத்தில் இரண்டடி தைத்தாள், அதுவும் நெளிநெளியாக.

"பரவால்ல, பரவால்ல, தையி" என்றார் உலகநாதன்.

அவள் நிறுத்தினாள். "சார், தையல் எதுர்ப்பக்கம் சாயுதே."

"சாயட்டும்மா. இப்ப இன்னா அதுக்கு? அவசரத்துக்கு எல்லாம் ஓகேதான்."

வேம்புலி எழுந்து நின்றாள். மடியிலிருந்த கித்தான் கீழே சரிந்தது.

"அவசரத்துக்கு ஓகேவா? அன்னிக்கு தொண்ணூத்தி நாலு அடி பிரிக்கச் சொன்னீங்களே, பிளேடு வெச்சி அறுத்தேனே, அப்ப ஓகே இல்லியா? உங்க அவசரத்துக்குன்னா சாயலாம், என் வயித்துக்குன்னா சாயக்கூடாதா? இந்தக் கைய நல்லா வெச்சிகினு வந்தேன் சார் நானு. நீங்கதான் கெட்த்துட்டீங்க. இப்ப ஒடஞ்சி கீழ வுழுந்துகீறத எடுத்து ஒட்டச் சொல்றீங்க."

மெஷின் பக்கம்கூட ஓட்டம் நின்றுவிட்டது.

"கத்தாதம்மா. வேல முடியட்டும், பேசிக்கலாம்."

"பேச வேணாம். எழுதிக் குடுங்க. எந்தப் பக்கம் சாஞ்சாலும் ஒத்துக்குவோம்னு எழுதி, கையெழுத்து போட்டு, சீல் வெச்சிக் குடுங்க. அப்பறம் தெக்கிறேன்."

உலகநாதன் சுற்றிலும் பார்த்தார். அறுபது கூடாரங்களைப் பார்த்தார். "நீ ஒருத்தி தெச்சி இன்னா ஆவப்போவுது?" என்றார், பாதி தனக்குள்.

அப்போது பின்வரிசையில் ஞானம்மாள் எழுந்தாள். பெட்டியிலிருந்து ஒரு லாடத்தை எடுத்து இடதுகையில் மாட்டினாள். யாரையும் பார்க்காமல், "நானும் தைக்கேன் சார். எனக்கும் இந்தக் கைதான்" என்றாள். மெஷின் பக்கத்திலிருந்து தலை வாருகிறவள் வந்தாள். ரெண்டும் ஒண்ணுதான் என்றவளும் வந்தாள்.

வேம்புலிக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இவர்கள் மூன்று பேரும் எண்பத்தி ஆறிலேயே எழுந்திருந்தால்?

உலகநாதன் எழுதிக் கொடுத்தார். மூன்று வரி. சண்முகசுந்தரம் ரப்பர் சீலை ஊதி ஊதிப் பதித்தார். வேம்புலியையும் சேர்த்து நாலு பேரும் ஒன்பது நாள் தைத்தார்கள். வெள்ளிக்கிழமை லாரி போகவில்லை, அடுத்த புதன்கிழமைதான் போனது. ஒரு கூடாரம்கூடத் திரும்பி வரவில்லை.

அந்த ஒன்பது நாளில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஞானம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து புளியோதரையை நீட்டினாள்.

"கோவமா வேம்பு? அன்னைக்கே வந்திருக்கணும். தப்புதான்."

"உன் தப்ப வெச்சிகினு நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள் வேம்புலி. சொல்லிவிட்டு ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். பசித்தது.

பிறகு வலதுகை லாடங்கள் வந்தன. உலகநாதன் எல்லோருக்கும் வலதையே கொடுக்கப் பார்த்தார். வேம்புலி சீல் வைத்த தாளைக் காட்டினாள். இடதுகை லாடம் ஷெட்டில் நிலைத்துவிட்டது. ஞானம்மாள் ஒரே மாதத்தில் ஐம்பத்தைந்து அடிக்குப் போனாள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் அந்தக் கையைப் பழக்கத்தில் வைத்திருந்தவள் ஆயிற்றே. வேம்புலிக்குப் பழைய வேகம் வரவேயில்லை. கயிறு நுழைகிற கண்களை இடதுகையால் தைப்பாள், விளிம்புக் கயிற்றை வலதுகையால். லாடத்தை மாற்றி மாற்றிக் கழற்றி மாட்டுவதிலேயே பாதி நேரம் போகும். ஒருநாள் கழற்றும்போது பக்கிள் சிக்கிக்கொள்ள, ஆத்திரத்தில் லாடத்தைச் சுவரில் அடித்தாள். தகரச் சுவர் ஷெட் முழுக்க அதிர்ந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

இரண்டு கையுமாகச் சேர்ந்து நாற்பது அடியைத் தொட்டதும், தொண்ணூற்று ஐந்தில் அவளுக்குத் தையல்காரி கிரேடு கொடுத்தார்கள். சீனியாரிட்டிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். ரெண்டு வருஷம் பின்னால் சேர்ந்த ஞானம்மாள் மூன்றாவது இடத்தில் இருந்தாள். வேம்புலியின் பேர் கடைசியில், நேற்று வந்த பெண்களுக்குக் கீழே. கிரேடு கொடுத்த தேதியிலிருந்துதான் கணக்காம்.

மறுநாள் விடிகாலையில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். செங்கல்வராயன் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"இன்னாமே, மறுபடியும் மனுவா? அதான் கிரேடு வந்திச்சில்ல."

"வந்திச்சி. பதினோரு வருசம் எங்க போச்சி?"

"அத எவன் திருப்பிக் குடுப்பான்?"

"குடுக்க மாட்டான். தெரியும்." அவள் தாளைப் புரட்டினாள். "நகரு, வெளிச்சத்த மறைக்கற."

அவன் நகர்ந்து நின்றான். அவள் தேதியைப் போட்டு, பேரை முழுசாக எழுதி, தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள்.